பாகன் இறங்கவே இல்லை!

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி. இலங்கையில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாவட்டம் மாவட்டமாக முடிவுகள் வர வர, ஒரு சின்னத்துக்கு நேராக மட்டும் திரும்பத் திரும்பப் பூஜ்யமே வந்தது. அந்தச் சின்னம் யானை.

இலங்கையின் முதல் பிரதமரைக் கொடுத்த ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம் அது. 1977-ல் 168 இடங்களில் 140-ஐ அள்ளிய கட்சி. அதே கட்சிக்கு 2020-ல் நாடு முழுவதும் கிடைத்த ஓட்டு 2,49,435. சதவிகிதத்தில் சொன்னால் 2.15. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு எம்.பி-கூட இல்லை. நாடு தழுவிய ஓட்டைக் கணக்கிட்டுக் கொடுக்கப்படும் தேசியப் பட்டியல் இடம் ஒன்று மட்டும் ஆறுதல் பரிசுபோலக் கிடைத்தது. கட்சியின் தலைவரே கொழும்பில் தோற்றுப்போனார். 1977 முதல் 43 ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். பெயர் ரணில் விக்ரமசிங்கே.

யானையை இப்படிச் சாய்த்தது ராஜபக்‌ஷேக்கள்தான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அதைச் செய்தவர்கள், தலைமுறை தலைமுறையாக யானைக்கே ஓட்டுப்போட்டுவந்த குடும்பங்கள். 26 ஆண்டுகளாக அவர்கள் தங்கள் தலைவரிடம் ஒன்றைத்தான் எதிர்பார்த்தார்கள். `கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள், வேறொருவர் முயன்று பார்க்கட்டும்.' அவர் ஒதுங்கவில்லை. அதனால் அவர்களே ஒதுங்கிவிட்டார்கள்.

பச்சை வீடு, நீல வீடு

இலங்கையில் கட்சி என்பது நிறம். ஐக்கிய தேசியக் கட்சி பச்சை, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி நீலம். சிங்களக் கிராமங்களில் `அது பச்சை வீடு, இது நீல வீடு' என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு இது ஊறிப்போன விஷயம். தாத்தா பச்சை என்றால் அப்பாவும் பச்சை, பேரனும் பச்சை. கல்யாணப் பேச்சில்கூட நிறம் எட்டிப்பார்க்கும். ஆட்சி மாறினால் வேலை, இடமாற்றம், மானியம் எல்லாமே நிறம் பார்த்துதான் நகரும் என்பதால், தோற்ற நிறத்துக்காரர்களுக்கு அடுத்த தேர்தல் வரை வனவாசம்தான்.

அந்த வனவாசம் ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடும் என்பது பழைய கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு 1977 வரை, பச்சையும் நீலமும் மாறி மாறித்தான் வந்தன. 1994-ல் கணக்கு தவறியது. 17 ஆண்டுகள் ஆண்ட பச்சைக் கட்சி அந்த ஆண்டு சந்திரிகா குமாரதுங்காவிடம் தோற்றது. அதன் பிறகு 2015 வரையிலான 20 ஆண்டுகளில், பச்சை வீடுகளுக்கு விடிந்தது 2001-க்கும் 2004-க்கும் இடையில் இரண்டரை ஆண்டுகள் மட்டுமே. மற்ற காலம் முழுக்க எதிர்க்கட்சி. அந்தக் காலம் முழுக்க ஒரே தலைவர்.

குண்டுகள் கொடுத்த நாற்காலி

ரணில் தலைவரான கதையில் ரத்தம் இருக்கிறது. அவர் எதிர்பார்த்ததோ, திட்டமிட்டதோ இல்லை.

1990-களின் தொடக்கத்தில் ஐக்கிய தேசியக் கட்சியில் அவருக்கு முன்னால் நீண்ட வரிசை நின்றது. 1991 மார்ச்சில் ரஞ்சன் விஜேரத்ன குண்டுவெடிப்பில் இறந்தார். கட்சியிலிருந்து வெளியேறி தனிக்கட்சி கண்ட லலித் அத்துலத்முதலி 1993 ஏப்ரல் 23-ம் தேதி சுட்டுக்கொல்லப்பட்டார். எட்டே நாளில், மே தின ஊர்வலத்தில் ஜனாதிபதி பிரேமதாசா தற்கொலைத் தாக்குதலில் பலியானார். அந்தக் குழப்பத்தில்தான் ரணில் முதன்முறையாகப் பிரதமரானார். மறு ஆண்டு தேர்தலில் கட்சி தோற்றதும், எதிர்க்கட்சித் தலைவர் பதவியை அவரிடமிருந்து சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் காமினி திசநாயக்க பறித்துக்கொண்டார். ஜனாதிபதி வேட்பாளரும் ஆனார். 1994 அக்டோபர் 24-ம் தேதி கொழும்பு தொட்டலங்கவில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் அவரையும் குண்டு தூக்கிக்கொண்டு போனது. கட்சியின் பொதுச்செயலாளர் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் அவரோடு இறந்தார்கள்.

வரிசையில் மிஞ்சியவர் 45 வயது ரணில். கட்சி அவர் கைக்கு வந்தது.

அப்போது யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. படித்தவர், வழக்கறிஞர், ஊழல் கறை படியாதவர் என்ற பெயர் இருந்தது. நாட்டின் மிகப்பெரிய பத்திரிகை நிறுவனமான லேக் ஹவுஸை நிறுவிய டி.ஆர்.விஜேவர்த்தனவின் மகள் வயிற்றுப் பேரன். முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர்.ஜெயவர்த்தனே அம்மா வழியில் நெருங்கிய உறவினர். டி.எஸ்.சேனநாயக்க, அவர் மகன் டட்லி, உறவினர் ஜான் கொத்தலாவல என்று தலைமை குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவந்ததால், கட்சியின் ஆங்கில எழுத்துகளான யு.என்.பி-க்கு `அங்கிள் நெஃப்யூ பார்ட்டி' என்று கேலிப்பெயரே உண்டு. மாமன் - மருமகன் கட்சி! அந்த வழக்கத்தில் பெரிதாக விலகி நின்றவர், கொழும்பு வாழைத்தோட்டத்தின் எளிய குடும்பத்திலிருந்து வந்த பிரேமதாசா மட்டும்தான். அவர் பெயர் இந்தக் கதையில் பின்னால் மறுபடி வரும்.

கோட்டும் சால்வையும்

ஒரு தலைவரை மக்களுக்குப் பிடிக்காமல்போக அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ரணில் விஷயத்தில் முதலில் உறுத்தியது தூரம்.

அவர் மேடையில் பேசினால் பொருளாதாரம் இருக்கும், உலக அரசியல் இருக்கும், சில நேரம் நல்ல கிண்டலும் இருக்கும். கேட்பவனின் தோளில் கை போடும் சொல் இருக்காது. பெரும்பாலும் கோட்-சூட். வீட்டில் ஆயிரக்கணக்கில் புத்தகங்கள். எதிரில் நின்றவரோ மகிந்த ராஜபக்‌ஷே. வெள்ளை உடைமீது அவர் போடும் அரக்குச் சிவப்புச் சால்வை, அம்பாந்தோட்டை ஏழை விவசாயியின் குரக்கன் பயிரின் நிறம். குரக்கன் என்றால் நம்ம ஊர்க் கேழ்வரகு. அவருடைய பெரியப்பா காலத்திலிருந்து அந்தச் சால்வை குடும்ப அடையாளம். கூட்டத்துக்குள் இறங்கி, குழந்தையைத் தூக்கி, பெயர் சொல்லிக் கூப்பிடும் அரசியல் அது. கேழ்வரகுச் சால்வைக்கு எதிராகக் கோட்டு எத்தனை நியாயமான புள்ளிவிவரத்தைச் சொன்னாலும் எடுபடாது என்பதைக் கட்சியின் கீழ்மட்டத் தொண்டர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். மேல்மட்டத்துக்குப் புரிய நாளானது. புரியவே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு.

தோல்விகள் எல்லாவற்றுக்கும் அவரையே பொறுப்பாக்குவது நியாயமும் இல்லை. 1999 ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னதாக, கொழும்பு நகர மண்டபத்தில் சந்திரிகாமீது குண்டுத் தாக்குதல் நடந்தது. ஒரு கண்ணின் பார்வையை இழந்து, கட்டோடு தொலைக்காட்சியில் தோன்றிய பெண்ணுக்கு எதிராக எந்த வேட்பாளர் நின்றிருந்தாலும் திணறியிருப்பார். சந்திரிகா 51.12, ரணில் 42.71. 2001-ல் ஜெயித்துப் பிரதமராகி, 2002 பிப்ரவரியில் விடுதலைப்புலிகளோடு போர்நிறுத்தம் செய்தார். 2003 நவம்பரில் அவர் வாஷிங்டன் போயிருந்த நேரம் பார்த்து, ஜனாதிபதி சந்திரிகா மூன்று முக்கிய அமைச்சகங்களைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த ஏப்ரலில் தேர்தல், தோல்வி, மறுபடி எதிர்க்கட்சி வரிசை.

1,80,786

அவரை வெறுப்பவர்களும் வருந்தும் ஒரு தோல்வி உண்டு. 2005 நவம்பர் 17.

மகிந்த ராஜபக்‌ஷேவுக்கு 50.29 சதவிகிதம். ரணிலுக்கு 48.43. இடையில் 1,80,786 ஓட்டு. அந்தத் தேர்தலைத் தமிழர்கள் புறக்கணிக்க வேண்டும் என்ற அழைப்பு வடக்கிலும் கிழக்கின் பல பகுதிகளிலும் விடுக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் இருந்தவர்கள் புலிகள். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு லட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். அவர்களில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் 1.21 சதவிகிதம் பேர். சாவடிகளில் அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்திருந்த நாள் அது.

புலிகள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு இன்றும் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. பேச்சுவார்த்தை என்ற பெயரில் சர்வதேச வலை பின்னுகிறார் என்று ரணிலைச் சந்தேகித்தார்கள். கிழக்கில் கருணா பிரிந்துபோனதற்கு அவரையே குற்றம் சாட்டினார்கள். யாழ்ப்பாணத்துச் சாதாரண வாக்காளருக்கோ அன்று தேர்வே இருக்கவில்லை. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சிங்களப் பகுதிகளில் `நாட்டைப் புலிகளுக்கு விற்றவர்' என்று பழிக்கப்பட்டவர், புலிகளாலேயே தோற்கடிக்கப்பட்டார். இந்த இரட்டை அடி வேறொரு தலைவருக்கு அனுதாபத்தைத் தேடித் தந்திருக்கும். அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. `இந்த ஆளுக்கு ராசியே இல்லை' என்ற பேச்சுதான் பச்சை வீடுகளில் பரவியது. ஜோசியத்தில் ஆழ்ந்த நம்பிக்கையுள்ள நாட்டில், கொள்கைக் குற்றச்சாட்டைவிட ராசியில்லை என்ற பேச்சு மோசமானது.

ஒருவர் கையில் சாவி

பிடிக்காத தலைவரை ஒரு கட்சி மாற்றக்கூடாதா? பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி மாற்றியது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த இயன் டங்கன் ஸ்மித் தேற மாட்டார் என்று எம்.பி-க்கள் முடிவுகட்டினார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கடிதம் கொடுத்தால் நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்பது அங்கே விதி. 2003 அக்டோபர் 29-ம் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. 90-க்கு 75 என்று தோற்றார். ஒரு பொதுத்தேர்தலைக்கூட அவர் சந்திக்கவில்லை. கொடூரமான வழிதான். ஆனால் வழி என்று ஒன்று இருந்தது.

பிட்டகோட்டையில் இருக்கும் சிறிகொத்தாவில், அதாவது ஐக்கிய தேசியக் கட்சித் தலைமையகத்தில், அப்படியொரு கதவு இல்லை. கட்சியின் செயற்குழுதான் தலைவரைக் கேள்வி கேட்க வேண்டும். செயற்குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவர் தலைவர். தொகுதி அமைப்பாளர்களை நியமிப்பதும், தேர்தலில் டிக்கெட் கொடுப்பதும், தேசியப் பட்டியலில் பெயர் எழுதுவதும் அவரே. தலைவரை எதிர்த்துக் கைதூக்குகிறவர், அடுத்த தேர்தலில் தன் பெயர் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டுதான் தூக்க வேண்டும்.

முடியாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். 2007 ஜனவரியில் துணைத் தலைவர் கரு ஜயசூரியா தலைமையில் ஒரு பெரிய கூட்டமே ஆளும் தரப்புக்குத் தாவி, அமைச்சர் பதவி பெற்றது. அவர்களை உட்காரவைக்க மகிந்த அமைச்சரவை 50 பேரைத் தாண்டி வீங்கியது. யானைக்கு ஓட்டுப்போட்ட ஊர்க்காரர், தான் தேர்ந்தெடுத்த எம்.பி சால்வைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தார். தாவியவர்மீது கோபம் வந்தது. தாவும் நிலைக்குக் கட்சியை வைத்திருந்தவர்மீது அதைவிடக் கோபம் வந்தது.

2008, 2009-ல் நடந்த மாகாண சபைத் தேர்தல்கள் எல்லாவற்றிலும் தோல்வி. போர் வெற்றிக்குப் பிறகு அது எதிர்பார்த்ததுதான்; அரசு ஊடகங்கள் முழுக்க ஆளும் தரப்பின் கையில் இருந்தன. பத்திரிகையாளர் லசந்த விக்ரமதுங்கே பட்டப்பகலில் கொல்லப்பட்ட காலம் அது. எதிர்க்கட்சியாக இருப்பதே ஆபத்தாக இருந்தது. ஆனாலும், அந்த மாதிரிக் காலத்தில்தானே எதிர்க்கட்சிக்குத் தலைவர் தேவை?

கூச்சல் அதிகமானதும் கட்சி யாப்பைத் திருத்தினார்கள். தலைவரை இனி ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். 2011 டிசம்பர் 19-ம் தேதி ஓட்டெடுப்பு. எதிர்த்து நின்றவர், ஆளும் தரப்புக்குப் போய்த் திரும்பிவந்திருந்த அதே கரு ஜயசூரியா. ஓட்டுப்போட்டவர்கள் செயற்குழுவும் எம்.பி-க்களும். முடிவு: ரணில் 72, கரு 24.

வெளியே காத்திருந்த தொண்டர்களுக்கு ஓட்டு கிடையாது. அன்று சிறிகொத்தா கட்டடத்தின்மீது கற்கள் பறந்தன. சொந்தக் கட்சி அலுவலகத்துக்குக் கல்லெறிவது வெறும் ரவுடித்தனமா, வேறு கருவி எதுவும் கையில் இல்லாதவர்களின் ஓட்டா என்று கேட்டால், இரண்டும்தான். 2013 அக்டோபரில் மாத்தறையில் `தலைவர் விலக வேண்டும்' என்று ஊர்வலம் போன பச்சைக்காரர்களை, தலைமையை ஆதரித்த பச்சைக்காரர்கள் மறித்தார்கள். இரு தரப்புக்கும் அடிதடி. ஆளும் கட்சிக்கு வேலையே இல்லாமல் போனது.

நாடு கொடுத்த விலை

இதெல்லாம் ஒரு கட்சியின் உள்வீட்டுச் சண்டை என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், 2010 செப்டம்பர் 8.

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதி ஆகக் கூடாது என்ற வரம்பை நீக்கும் 18-வது அரசியலமைப்புத் திருத்தம் அன்று நாடாளுமன்றத்துக்கு வந்தது. தேர்தல், போலீஸ், நீதித்துறை நியமனங்களில் ஜனாதிபதியின் கை மேலும் ஓங்க வழிசெய்த திருத்தம் அது. ஆதரவு 161, எதிர்ப்பு 17. ஐந்து மாதங்களுக்கு முன்னால் 60 இடங்களை ஜெயித்த பிரதான எதிர்க்கட்சி அந்த 17-ல் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சி வாக்கெடுப்பைப் புறக்கணித்தது. அதன் உறுப்பினர்கள் சிலர் அரசின் பக்கமே கைதூக்கினார்கள். எதிர்த்து ஓட்டுப்போட்டவர்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போன்ற சிறிய கட்சியினர்.

மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தடுக்க வேண்டிய இடத்தில், எதிர்க்கட்சியிலிருந்து எம்.பி-க்கள் ஒழுகிக்கொண்டே இருந்தார்கள். பலவீனமான எதிர்க்கட்சித் தலைவர் என்பவர் தன் கட்சிக்கு மட்டும் பிரச்னை என்று நினைத்திருந்தவர்கள் அன்று யோசிக்க ஆரம்பித்தார்கள். கொழும்பில் அந்நாள்களில் ஓடிய கசப்பான ஜோக், ராஜபக்‌ஷே குடும்பத்தின் மிகப்பெரிய சொத்தே எதிர்க்கட்சித் தலைவர்தான் என்பது.

தன் பெயரில் ஓட்டு விழாது என்பது அவருக்கே தெரியாமல் இல்லை. இந்தக் கதையின் விசித்திரமே அதுதான். 2010 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நிற்கவில்லை. போரை நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவைப் பொது வேட்பாளராக்கி, அன்னம் சின்னத்தில் நிறுத்தினார்கள். அதன் கொடுமை யாழ்ப்பாணத்தில்தான் தெரிந்தது. ஒன்று போருக்கு உத்தரவிட்டவர், இல்லையேல் போரை நடத்தியவர். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அங்கு ஓட்டுப்போட்டவர்களில் பெரும்பாலானோர் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். பிரதான எதிர்க்கட்சியிடம் சொந்தமாக நிறுத்த ஒரு முகம் இல்லாததன் விலை அது.

2015 ஜனவரியில் மறுபடி அதே உத்தி. மகிந்தவின் அமைச்சராக இருந்த மைத்ரிபால சிறிசேனாவை இரவோடு இரவாக வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த முறை பலித்தது. சிறிசேனா 51.28, மகிந்த 47.58. மறுநாள் ரணில் பிரதமர். திரைக்குப் பின்னால் காய் நகர்த்துவதில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று அன்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கொழும்பு மாவட்டத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமான விருப்பு வாக்குகள் வாங்கினார். அதுவரை யாரும் வாங்காத எண்ணிக்கை. மக்கள் அவரை எப்போதும் வெறுத்தார்கள் என்று எழுதினால் அது பொய்.

இந்த வெற்றிக்கு முன்னோட்டமும் ஒன்று இருந்தது. 2014 செப்டம்பரில் ஊவா மாகாணத் தேர்தல். ஹரின் பெர்னாண்டோ என்ற இளம் எம்.பி தன் பதவியைத் துறந்துவிட்டு முதல்வர் வேட்பாளராக இறங்கினார். சஜித் பிரேமதாசா ஊர் ஊராகச் சுற்றினார். 2009-ல் அங்கே சுமார் 22 சதவிகிதம் வாங்கியிருந்த யானை, இம்முறை சுமார் 40-ஐத் தொட்டது. ஜெயிக்கவில்லை, ஆனால் முன்னால் நிற்கும் முகம் மாறினால் என்ன ஆகும் என்பது தெரிந்தது. பச்சை வீடுகளில் அந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார்கள்.

பிரேமதாசாவின் மகன்

கிடைத்த ஆட்சி நிலைக்கவில்லை. மத்திய வங்கி கடன்பத்திர ஊழல், `கறை படியாதவர்' என்ற பெயரை உரசிப்பார்த்தது. 2018 அக்டோபரில் சிறிசேனா அவரைத் திடீரென நீக்கிவிட்டு மகிந்தவைப் பிரதமராக்கினார். உச்ச நீதிமன்றம்வரை போராடி 51 நாளில் ரணில் திரும்பிவந்தார். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள். அத்தோடு அந்த அரசின் கதை முடிந்தது.

ஜனாதிபதி வேட்பாளர் சஜித்தான் என்று கட்சிக்குள்ளிருந்தே ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். வாரக்கணக்கில் இழுத்தடித்த பிறகுதான் தலைமை சம்மதித்தது. கோத்தபய ராஜபக்‌ஷேவிடம் சஜித் தோற்றார். தோற்றாலும் 41.99 சதவிகிதம். கட்சித் தலைமையைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கிடைக்கவில்லை. 2020-ல் சஜித் தனியே போய் ஐக்கிய மக்கள் சக்தியைத் தொடங்கினார். கட்சியின் பெரும்பகுதி எம்.பி-க்கள் அவர் பின்னால் போனார்கள். வாழைத்தோட்டத்துக்காரரின் மகன், மாமன் - மருமகன் கட்சியை வீட்டு உரிமையாளரிடமே விட்டுவிட்டு, குடியிருந்தவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பியதுபோல இருந்தது.

ஆகஸ்டில் முடிவு வந்தது. புதுக்கட்சிக்கு 54 இடம், சுமார் 27.7 லட்சம் ஓட்டு. யானைக்கு இரண்டரை லட்சம்.

கட்சி அலுவலகத்தில் அடைக்க முடிந்த கோபத்தை வாக்குப்பெட்டியில் அடைக்க முடியவில்லை. பொதுவாக இப்படியொரு தோல்விக்கு அடுத்த நாளே தலைவர்கள் ராஜினாமா கடிதம் எழுதுவார்கள். இங்கே, கிடைத்த அந்த ஒற்றை தேசியப் பட்டியல் இடத்துக்கு யாரை அனுப்புவது என்று பத்து மாதம் முடிவெடுக்காமல் வைத்திருந்தார்கள். 2021 ஜூனில் அந்த நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ரணில்தான்.

134 ஓட்டில் ஜனாதிபதி

2022 எல்லோருக்கும் நினைவிருக்கும். பெட்ரோலுக்கும் காஸுக்கும் நாள்கணக்கில் வரிசை, பால்பவுடர் இல்லை, மருந்து இல்லை. காலிமுகத்திடலில் `கோட்டா கோ ஹோம்' கோஷம். மே மாதம் மகிந்த விலகியதும், ஒற்றை எம்.பி-யான ரணிலைக் கூப்பிட்டுப் பிரதமராக்கினார் கோத்தபய. ஜூலை 9-ம் தேதி ரணிலின் சொந்த வீட்டைக் கும்பல் எரித்தது. அவர் ஆண்டாண்டு காலமாகச் சேர்த்த புத்தகங்களும் சாம்பலாயின. எவ்வளவு வெறுப்பு இருந்தாலும் அதை நியாயப்படுத்த முடியாது.

கோத்தபய தப்பியோடினார். மிச்சமிருக்கும் பதவிக்காலத்துக்கு நாடாளுமன்றமே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் என்பது அரசியலமைப்பு விதி. ஜூலை 20-ம் தேதி ரணிலுக்கு 134 ஓட்டு. அதில் பெரும்பகுதி, அவர் கால் நூற்றாண்டாக எதிர்த்த ராஜபக்‌ஷேக்களின் மொட்டுக் கட்சியினுடையது. இரண்டு முறை நின்று மக்களிடம் கேட்டபோது கிடைக்காத பதவி, மக்களைக் கேட்காதபோது கிடைத்தது. தெருவில் கோஷம் `ரணில் கோ ஹோம்' என்று மாறியது. எனக்குத்தான் போவதற்கு வீடில்லையே என்று அவர் திருப்பிச் சொன்னார். அந்தக் கிண்டலை அவரைப் பிடிக்காதவர்களும் ரசித்தார்கள்.

ஜனாதிபதியாக அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. வரிசைகள் மறைந்தன. 2023 மார்ச்சில் சர்வதேச நிதியத்தின் கடன் உதவிக்கு ஒப்புதல் வந்தது. அதற்காக ஏற்றப்பட்ட வரியும் மின்கட்டணமும் வீடுகளை நெரித்தன. ஆனால் விளக்கு எரிந்தது. `அரசியல்வாதியாக வேண்டாம், மேனேஜராக இருக்கட்டும்' என்று கொழும்பின் நடுத்தர வர்க்கம் கொஞ்சம் இளகியது.

2024 செப்டம்பர் 21-ம் தேதி மக்களிடம் மறுபடி போனார். யானையை விட்டுவிட்டு, சுயேச்சையாக, காஸ் சிலிண்டர் சின்னத்தில். சிலிண்டருக்காக வரிசையில் நின்ற ஜனங்களுக்கு அது சட்டென நினைவூட்டும் என்ற கணக்கு. கிடைத்தது 17.27 சதவிகிதம். மூன்றாம் இடம். 42.31 சதவிகிதத்தோடு முதலிடம் பிடித்த அநுர குமார திசநாயக்க ஜனாதிபதியானார். 2020-ல் அவருடைய அணிக்கு இருந்தவை வெறும் மூன்றே இடங்கள்.

அன்றிரவு பச்சை வீடுகளில் யாராவது பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தால், இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். சஜித் 43,63,035. ரணில் 22,99,767. இரண்டையும் கூட்டினால் 66,62,802. அந்தத் தேர்தலில் பதிவான செல்லுபடியான ஓட்டில் அது பாதியைவிடச் சில ஆயிரங்கள் அதிகம். ரணிலுக்கு விழுந்ததில் மொட்டுக் கட்சிக்காரர்களின் ஓட்டும் கலந்திருக்கிறது, அவர் நிற்காவிட்டால் அத்தனையும் சஜித்துக்குப் போயிருக்காது என்று அந்த வீட்டிலேயே யாராவது ஒருவர் மறுத்திருப்பார்.

அதன் பிறகு இரு தரப்பையும் சேர்த்துவைக்கும் பேச்சுவார்த்தைகள் அவ்வப்போது நடக்கின்றன. நின்றும்போகின்றன. ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் பதவி மட்டும் 1994-ல் யாரிடம் போனதோ, அவரிடமே இருக்கிறது.